அப்பா எப்போதும் இதே நாட்டவர்தானா?

பிரித்தானியாவுக்கு மாணவர் விசா கேட்கும் பிள்ளை தன் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுப் பெற்றோர் பற்றிய பக்கத்துக்கு வருகிறது. தகப்பனின் பெயர், பிறந்த திகதி, நாட்டுரிமை. அதற்குக் கீழே ஒரு கேள்வி: இவர் எப்போதும் இதே நாட்டுரிமையைக் கொண்டிருந்தவரா? ஆம், இல்லை என்று இரண்டே பதில். மாத்தறையிலிருந்தோ குருணாகலிலிருந்தோ விண்ணப்பிக்கும் பிள்ளை 'ஆம்' என்று அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையைச் சுற்றியுள்ள தோட்டமொன்றிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அப்பாவைக் கேட்டால் அவர் தாத்தாவைக் கேட்கச் சொல்கிறார். தாத்தா தகரப் பெட்டியைத் திறக்கிறார். பெட்டியில் இருக்கும் தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

அவை ஏன் ஒத்துப்போவதில்லை என்பதும், அதை விசா அதிகாரிக்கு எப்படிச் சொல்வது என்பதும்தான் இந்தக் கட்டுரை.

ஒரு குடும்பக் கோப்பை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. ஹல்துமுல்லை, அப்புத்தளை, பசறை, லுணுகலை என்று ஊவாவின் தோட்டங்களில் திரும்பத் திரும்பக் காணக்கூடிய தாள்களை ஒரே வீட்டுக்குள் வைத்துப் பார்க்கிறோம். மாணவி பிறந்தது 2005. அண்ணன் 1999. அப்பா 1970, அம்மா 1974, தாத்தா 1938. எல்லோரும் பிறந்தது பதுளை மாவட்டத்துக்குள்தான். பூட்டன் மட்டும் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர். ஒரே காம்பராவில் வாழ்ந்த இந்த நான்கு தலைமுறையில், யார் எந்த வருடம் எந்த நாட்டவர் என்ற கேள்விக்கு ஒவ்வொருவருக்கும் வேறு பதில்.

1947 பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தோட்டத்து மக்களுக்கு அப்போது வாக்கு இருந்தது. அடுத்த வருடமே வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்திருந்தால் போதாது, தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பனைப் பெற்ற பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். நம் தாத்தாவுக்கு அப்போது பத்து வயது. அவர் பிறந்தது இங்கே. அவருடைய தகப்பன் பிறந்தது அங்கே. ஆகவே அவர் பிரஜை இல்லை. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் எடுத்துவிட்டார்கள்.

அதே 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. திருமணமானவர் என்றால் 7 வருடம், ஆகாதவர் என்றால் 10 வருடம் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஊருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. 1951 ஆகஸ்ட் வரை சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரை பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டும். தங்கள் வாழ்க்கையை ஒரு படிவத்துக்குள் அடக்கி அதிகாரியை நம்பவைக்கும் வேலை இந்தச் சமூகத்துக்கு லண்டனும் டொரொண்டோவும் கற்றுத் தந்ததில்லை. பூட்டன் அதைக் கைநாட்டு வைத்தே செய்தார்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. நம் தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். அவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தது. சிறுபிள்ளையாக இருந்த அப்பாவின் பெயரும் அதில் ஏறியது. மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன 'ஒப்பாரிக் கோச்சி' என்ற ரயிலில் பக்கத்து லயத்தார் போனார்கள். இவர்களுடைய முறை வருவதற்குள் போர் வந்தது. 1984இல் கப்பலும் நின்றது. கடவுச்சீட்டு பெட்டிக்குள் காலாவதியானது.

அம்மாவின் வீட்டார் இந்தியாவுக்கு விண்ணப்பிக்காதவர்கள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இருந்த அவர்களுக்கு 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை கொடுத்தது. சத்தியக்கடதாசி ஒன்று முடித்து வைத்திருந்தால் அதுவே அத்தாட்சி. அந்தச் சட்டம் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தவர்களைத் தொடவில்லை. ஆகவே அம்மா 1988இல் இலங்கைப் பிரஜை. அதே தோட்டத்தில், அதே மலையில் கொழுந்து பறித்துப் பிழைத்த அப்பாவின் குடும்பம் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய வாரிசுகளும் ஒரு பிரகடனத்தில் ஒப்பமிட்டுப் பிரஜையாகலாம் என்றது அந்தச் சட்டம். நாடற்றவர்களுக்குப் பொதுப் பிரகடனம், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்கு விசேட பிரகடனம். 2003 டிசம்பரில் பத்து நாட்களுக்குள் சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பதிந்தார்கள். ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவரகம் இதைப் பல வருடங்கள் உலகத்துக்கே முன்மாதிரியாகச் சொல்லிவந்தது.

இப்போது பிள்ளைகளைப் பாருங்கள். 1999இல் அண்ணன் பிறந்தபோது பிரஜாவுரிமை தகப்பன் வழியாக மட்டுமே இறங்கியது. தாய் இலங்கைப் பிரஜையாக இருந்தும் அண்ணன் பிரஜை இல்லை; அவனுடைய பிரஜாவுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. 2005இல் பிறந்த தங்கை பிறந்த நாளிலிருந்தே பிரஜை. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு சட்டங்கள். இதைத் தெரியாமல் அண்ணனும் தங்கையும் ஒரே படிவத்தை ஒருவரைப் பார்த்து ஒருவர் நிரப்பினால் இருவரில் ஒருவருடையது பிழையாகத்தான் இருக்கும்.

அந்தப் பிரித்தானியப் படிவத்தின் கேள்விக்கு வருவோம். அப்பா எப்போதும் இலங்கையரா? இல்லை. அம்மா? இல்லை. மாணவிக்கு வேறு நாட்டுரிமை எப்போதாவது இருந்ததா? இல்லை. மூன்றும் உண்மை. இந்தியாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளையும் இதிலிருந்து தப்ப முடியாது. இந்திய விசாப் படிவமும் தாய் தகப்பனின் முந்தைய நாட்டுரிமையைக் கேட்கிறது.

அடுத்து, பிறப்பத்தாட்சிப் பத்திரம். இலங்கையில் இந்தத் தாளை வைத்திருக்கும் எல்லோரும் அதைப் பலமுறை பிரதி எடுத்திருப்பார்கள். அதன் நடுப்பகுதியை நின்று வாசித்தவர்கள் குறைவு. பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். தகப்பன் இலங்கையில் பிறவாது பூட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய விபரம். குழந்தை பிறந்ததைப் பதிய வந்த இடத்தில் பூட்டனார் எங்கே பிறந்தார் என்று எதற்கு? 1948ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட அதே கேள்விதான் அந்தக் கூடுகளில் உட்கார்ந்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலரின் தாள்களில் அந்தக் கூடுகளில் கோடு இழுத்திருக்கும், அல்லது வெறுமையாக இருக்கும். இன்னொரு கூட்டில் தகப்பனின் இனம்: 'இந்தியத் தமிழர்'. வெளிநாட்டு அதிகாரி மொழிபெயர்ப்பைக் கையில் எடுக்கிறார். தகப்பனுக்கு இலங்கை அடையாள அட்டை, இனம் இந்தியர், பாட்டனார் விபரம் வெறுமை. இவர்கள் இந்தியர்களா, இலங்கையர்களா என்று அவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. இலங்கையில் அந்தச் சொல் இனத்தைக் குறிக்கிறது, நாட்டுரிமையை அல்ல என்பதை விண்ணப்பிப்பவர்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

பெயர் இன்னொரு முடிச்சு. தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பதிவு தோட்ட அலுவலகம் வழியாகப் போனது. கிளார்க் காதில் விழுந்ததை எழுதினார். பதிவாளர் அதைச் சிங்களத்தில் எழுதினார். பல வருடம் கழித்து அது ஆங்கிலத்துக்குப் போனது. கறுப்பையா ஒரு தாளில் கருப்பையா, இன்னொன்றில் கருப்பய்யா. ஆங்கிலத்தில் இது மூன்று வெவ்வேறு ஆட்கள். தகப்பன் பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயராகப் போவதால் தாத்தா, அப்பா, மகள் மூவரின் 'குடும்பப் பெயரும்' வேறுவேறு. பிறப்பைப் பதியாத மூத்தவர்களுக்கு அனுமான வயதுச் சான்றிதழ். அதிலுள்ள வருடமும் தோட்டத்துத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் உள்ள வருடமும் ஒத்துவராது. முகவரியோ லயத்தின் இலக்கமும் டிவிஷனின் பெயரும்தான். கடிதம் வருவது தோட்ட அலுவலகத்துக்கு.

கொஸ்லந்தைக்கு இதற்கு மேலும் ஒரு துயரம் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில் அதன் அருகேயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மேல் மலை இறங்கியது. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக ஐம்பது வருடம் முடிய ஒரு நாள் இருந்தது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆட்களோடு அந்தக் காம்பராக்களின் பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களிலும் பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினார்கள். 2016இல் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அடையாள அட்டையையும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் திணைக்களத்தில் பதிவு இருப்பதால் மறுபடி எடுக்கலாம். சமாதான நீதவான் முன் முடித்த ஒரே மூலப் பிரதியான 1988 சத்தியக்கடதாசியை எங்கிருந்து எடுப்பது? 2003 பிரகடனத்தின் வீட்டுப் பிரதியை? அன்று மீரியபெத்தையில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று உயர்தரம் முடித்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் வயதில் இருக்கிறார்கள். அவர்கள் கோப்பில் ஒரு தாள் இல்லை என்றால் அதற்கு மலை சரிந்தது காரணம் என்று எழுதலாம். அந்த வருடத்துப் பத்திரிகைச் செய்திகளும் அனர்த்த நிவாரணப் பட்டியலில் உள்ள குடும்பப் பெயரும், கிராம உத்தியோகத்தரின் கடிதமும் அதற்குச் சாட்சி.

இங்கேதான் விசா ஏஜென்சிக்காரர் வருகிறார். எல்லோரும் மோசமானவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சிக்கலைக் கண்டதும் பலர் சொல்லும் புத்தி ஒன்றுதான். "அதெல்லாம் எதுக்கு எழுதணும்? 'ஆம்'னு போடுங்க, யாரு பாக்கப் போறா?" தாத்தாவின் இந்தியக் கடவுச்சீட்டை மறைக்கச் சொல்வார்கள். மாமா முன்பு கேட்டு மறுக்கப்பட்ட விசாவின் விபரத்தைப் பிள்ளையின் படிவத்தில் குழப்பி எழுதுவார்கள். வங்கியில் பத்து நாளைக்கு இரவல் பணம் போட்டுத் தருவார்கள். இதெல்லாம் பிடிபட்டால்? கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 40ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது: முக்கியமான விபரத்தைப் பொய்யாகச் சொன்னாலும் மறைத்தாலும் 5 வருடத்துக்கு அந்நாட்டுக்குள் போக முடியாது. அவுஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்கு 3 வருடத் தடை. பிரித்தானியாவில் ஏமாற்றினால் 10 வருடம். படிவத்தை நிரப்பியவர் ஏஜென்சிக்காரராக இருந்தாலும் தண்டனை கையெழுத்திட்ட பிள்ளைக்குத்தான். அண்ணன் 2022இல் 'ஆம்' என்று எழுதிப் போய்விட்டான் என்று வையுங்கள். 2026இல் தங்கை உண்மையை எழுதினால் இரண்டு கோப்பும் ஒரே கணினியில் மோதும்.

இந்தக் குடும்பங்கள் மறைக்க வேண்டியது ஒன்றுமே இல்லை என்பதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது. யாரும் களவாக எல்லை தாண்டவில்லை, யாரும் விசா முடிந்து ஒளிந்திருக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களைச் சுற்றிச் சட்டம் மாறியது. அந்த மாற்றத்துக்கு இலக்கமும் ஆண்டும் இருக்கின்றன, உலகத்தில் எந்த அதிகாரியும் தேடிப் பார்க்கலாம். வெட்கப்பட வேண்டியவர்கள் சட்டம் எழுதியவர்கள்.

ஆகவே விண்ணப்பத்தோடு ஒரு பக்க விளக்கக் கடிதம் வையுங்கள். அழுது எழுத வேண்டாம், இருநூறு வருட வரலாறும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: என் தகப்பனார் 1970இல் இலங்கை, பதுளை மாவட்டத்தில் பிறந்தார். 1964 இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்படி என் பாட்டனாருக்கு வழங்கப்பட்ட இந்தியக் கடவுச்சீட்டில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தது. அவர்கள் இந்தியாவுக்குச் செல்லவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி இருவரும் இலங்கைப் பிரஜைகள் ஆனார்கள். என் தாயார் 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைப் பிரஜை ஆனார். 2005இல் பிறந்த நான் பிறப்பிலேயே இலங்கைப் பிரஜை. எனக்கு வேறு நாட்டுரிமை இருந்ததில்லை. அதற்குக் கீழே பெயர் வேறுபாட்டைச் சொல்லும் இரண்டு வரி, அதற்கு ஒரு சத்தியக்கடதாசி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாள், இல்லாத தாளுக்கு ஒரு காரணம். படிவம் உங்களைப் பற்றிக் கேட்கும் இடத்தில் பெற்றோர் கதையை எழுதாதீர்கள். பெற்றோரைப் பற்றிக் கேட்கும் இடத்தில் உங்கள் கதையையும் வேண்டாம். பல மறுப்புகளுக்கு இந்தக் குழப்பமே வழி விடுகிறது.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். கனடா 2025 செப்டெம்பர் முதல் தனி மாணவர் ஒருவரிடம் படிப்புக் கட்டணம் தவிர வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 22,895 கனேடிய டொலர் காட்டச் சொல்கிறது. அது ஏறத்தாழ 50 இலட்சம் ரூபா. 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயமான நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தச் சம்பளத்துக்குக் கணவனும் மனைவியும் மாதம் 25 நாள் வேலை செய்து ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தால்கூட ஆறு வருடத்துக்கு மேலாகும். மற்றவர்கள் காணி உறுதியையும் வீட்டையும் காட்டுகிறார்கள். லயத்துக் காம்பராவுக்கு உறுதி இல்லை; நான்கு தலைமுறை வாழ்ந்த வீடு சொத்துப் பட்டியலில் வராது. பிரஜாவுரிமை கிடைத்தும் காணியுரிமை கிடைக்காததன் விலையைப் பிள்ளை விசாக் கோப்பில்தான் முதன்முதலாகக் கண்ணால் காண்கிறது. ஈ.பி.எஃப் மீதி, கொழும்பிலோ வளைகுடாவிலோ உழைக்கும் அண்ணன் மாதாமாதம் அனுப்பிய பணத்தின் பதிவு, உதவி செய்பவரின் உறவுமுறையைக் காட்டும் தாள்கள் ஆகியவற்றை ஒரு வருடத்துக்கு முன்பிருந்தே சேர்க்க வேண்டும். திடீரென்று வந்த பெருந்தொகை, உண்மையான பணமாகவே இருந்தாலும், சந்தேகத்தைக் கிளப்பும். இது முடியாதவர்கள் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் புலமைப்பரிசில் அறிவித்தல்களைக் கவனிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே நிதியளிக்கும் பழைய அறக்கட்டளையும் அதன் கீழ் இருக்கிறது.

இதைவிடக் கடினமான கோப்பும் உண்டு. 1977, 1983 வன்செயல்களில் ஊவாவை விட்டு வவுனியாப் பக்கம் போய், அங்கிருந்து படகேறித் தமிழ்நாட்டு முகாம்களில் ஒதுங்கிய மலையகக் குடும்பங்களின் பிள்ளைகள். 1987 ஜூலை முதல் அங்கே பிறந்தவர்கள், தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், பிறப்பால் இந்தியர் இல்லை. இலங்கைப் பிரஜையாக வேண்டுமென்றால் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ்ப் பிறப்பைப் பதிய வேண்டும். அதை முடிக்காமல் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வழியில்லை. தங்கள் முன்னோர் இந்தியர் என்று சொல்லி 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 செப்டெம்பரில் இந்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. இந்தப் பிள்ளைகள் ஏஜென்சி படியேறுவதற்கு முன் சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும்.

மறுப்பு வந்தால் அதே தாள்களை அடுத்த கிழமையே திரும்ப அனுப்பாதீர்கள். கனடா 2025 ஜூலை முதல் படிப்பு அனுமதி மறுப்புக் கடிதங்களோடு அதிகாரியின் குறிப்பையும் இணைக்கத் தொடங்கியிருக்கிறது. எந்த வரி அவருக்கு விளங்கவில்லை என்று அதில் இருக்கும். அந்த வரிக்குப் பதில் எழுதுங்கள். அடுத்த முறை எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் இந்த மறுப்பைச் சொல்லுங்கள். மறுப்பு குற்றமில்லை, மறுப்பை மறைப்பதுதான் குற்றம்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. ஹல்துமுல்லை 1999இலேயே இருமொழிப் பிரதேச செயலகப் பிரிவாக வர்த்தமானியில் வந்தது. அங்கே தமிழில் வேலை செய்யும் உத்தியோகத்தர்கள் போதிய அளவில் வேண்டும். 1948 முதல் 2003 வரை இந்தச் சமூகத்தின் பிரஜாவுரிமையை மாற்றி மாற்றி எழுதிய அதே அரசு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வருடம் பிரஜையானார்கள் என்று மும்மொழியிலும் சொல்லும் ஒரு பக்கச் சான்றிதழைத் தர வேண்டும். பத்தரமுல்லைக்கு ஒரு நாள் கூலியை விட்டுப் போய் வரிசையில் நின்று கேட்கும் தாளாக அது இருக்கக் கூடாது. பிரதேச செயலகத்தில் கிடைக்க வேண்டும். பத்து நாளில் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேரைப் பதிந்த நிருவாகத்துக்கு இது முடியாத வேலை இல்லை.

அதுவரைக்கும் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1964இல் விபரம் தெரிந்த வயதில் இருந்த தாத்தாவும் பாட்டியும் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருடம் விண்ணப்பித்தார்கள், கடவுச்சீட்டு எடுத்தார்களா, ஏன் கப்பலேறவில்லை என்று அவர்கள் வாயால் சொல்வதை எழுதி, சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியாக முடித்து, இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பிள்ளை சாதாரண தரம் படிக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். விசா கேட்கும் வருடத்தில் சாட்சி சொல்ல அவர்கள் இல்லாமல் போகலாம்.